ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்தவர்கள்: கொத்மலைச் சமூக வானொலி பற்றிச் சில குறிப்புகள்

பத்திரிகைக் காரியாலயங்களில் 'செவ்வி' என்றொரு சொல் உண்டு. தமிழகத்தார் பேட்டி என்றும் நேர்காணல் என்றும் சொல்வதை நாம் இலங்கையில் நெடுங்காலமாகச் செவ்வி என்றே எழுதி வந்திருக்கிறோம். ஞாயிறு இதழுக்கு இந்த வாரம் யாருடைய செவ்வி என்று ஆசிரியர் கேட்டால், எங்கள் மனதில் உடனே ஒரு பட்டியல் விரியும். அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர், ஓய்வுபெற்ற பேராசிரியர், சென்னையிலிருந்து வந்திறங்கிய பாடகர். மூன்று தசாப்தங்களாக இத்தொழிலில் இருக்கும் எனக்கு அப்பட்டியல் மனப்பாடம். வயல் உழுபவரோ கொழுந்து பறிப்பவரோ அதில் இடம்பெற வேண்டுமானால், ஒன்று அவர் லொத்தரில் வென்றிருக்க வேண்டும். அல்லது மண்சரிவில் வீடிழந்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் புரட்டிப் போட முயன்ற வானொலி முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் தேடி வந்து பார்த்த அம்முயற்சியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. மகாவலிச் சமூக வானொலி பற்றியும், அதன் குழந்தையான கொத்மலைச் சமூக வானொலி பற்றியுமே சொல்ல வருகிறேன்.

முதலில் சிறிது பின்னணி. இலங்கையில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் கொழும்பில் ஆரம்பமாயிற்று. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயரே அதற்கு மூலகாரணர். ஆசியாவின் மூத்த வானொலிகளுள் ஒன்று என்று நாம் பெருமை பேசுவது வழக்கம், பேசிக்கொள்ளட்டும். ஆனால் அந்த முதல் நாளிலிருந்தே வானொலி இங்கு அரசாங்கத்தின் உடைமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. பெயர்கள் மாறின, உரிமையாளர் மாறவில்லை.

அந்த வானொலியின் தமிழ்ச் சேவை நம்மை வளர்த்தது என்பதை மறுப்பார் யாருமில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் அதற்கு நேயர்கள் இருந்தார்கள். நாடகம், இசை, அறிவிப்பாளர்களின் செந்தமிழ் உச்சரிப்பு ஆகியவற்றைச் செவிகொடுத்துக் கேட்டே எங்கள் தலைமுறை மொழி கற்றது. ஆயினும் உரையாடல் என்ற வகையில் அது ஏழ்மையானது. பேச வருபவர் பிரதியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, கலையகத்தில் அமர்ந்து அதனை வாசிப்பார். கேள்வியும் எழுதப்பட்டிருக்கும், பதிலும் எழுதப்பட்டிருக்கும். சில வேளைகளில் சிரிப்பும் எழுதப்பட்டிருந்ததோ என்று எனக்கு ஐயம். எழுத்தறியாத ஒருவருக்கு அந்த ஒலிவாங்கியின் முன் அமர வழியே இருக்கவில்லை.

1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம், முப்பது ஆண்டுகளில் நிறைவேற்றவெனத் தீட்டப்பட்டிருந்த மகாவலித் திட்டத்தை ஆறே ஆண்டுகளில் முடிக்கப் போவதாக அறிவித்தது. விக்ரோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் பணம் தந்தன. இலட்சக்கணக்கான மக்கள் பழைய ஊர்களை விட்டு உலர்வலயத்தின் புதிய குடியேற்றங்களுக்குப் போனார்கள். காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி, காணித்துண்டுகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அயல்வீட்டார் யாரென்று தெரியாத ஊர்கள் உருவாயின.

மகாவலி என்ற சொல் தமிழ் வாசகருக்கு வேறொரு பொருளையும் தரும் என்பதை நான் மறக்கவில்லை. மணலாறு 1988இல் வெலிஓயாவாக, மகாவலியின் 'எல்' வலயமாக ஆனதும், அதற்கு முன்னும் பின்னும் அங்கு நடந்தவையும் நமது அரசியல் வரலாற்றின் ஆறாத பகுதி. அதனைத் தனியே எழுத வேண்டும். இங்கு சொல்லப்படும் வானொலி அந்தப் பெருந்திட்டத்தின் ஒரு சிறு கிளை என்பதையும், அதன் பெயரிலேயே அந்தச் சுமை ஏறியிருந்தது என்பதையும் மட்டும் குறித்து மேலே செல்கிறேன்.

1981இல் யுனெஸ்கோ நிறுவனமும் டென்மார்க்கின் டனிடா அபிவிருத்தி முகவரகமும் உதவ, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் மகாவலி அதிகார சபையும் இணைந்து மகாவலிச் சமூக வானொலியைத் தொடங்கின. குடியேறிய விவசாயிகளுக்கு வேளாண்மை, சுகாதாரம், நீர் முகாமை பற்றிய அறிவுரைகளை வழங்குவதே திட்டத்தின் நோக்கமாகத் தாளில் இருந்தது. அறிவுரை வழங்க எத்தனையோ வழிகள் உண்டு. கொழும்பில் ஒரு விவசாயப் போதனாசிரியரை அமர்த்தி வாசிக்க வைத்திருந்தாலே போதும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. தயாரிப்பாளர்கள் சிறு குழுவாகக் கிராமத்துக்குப் போனார்கள். சில நாட்கள் அங்கேயே தங்கினார்கள். முதலில் பழக்கம், பிறகே பதிவு. கொண்டு செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வரம்பிலும் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் மக்களைப் பேச வைத்தார்கள். தங்கலின் இறுதியில் ஊரார் கூடிப் பாடியும் ஆடியும் நடித்தும் காட்டியவை பதிவாயின. அந்த நாடாக்களைத் திருத்தித் தொகுத்ததே நிகழ்ச்சி.

சொல்லும்போது எளிதாகத் தோன்றுகிறது. கலையகத்தில் ஒலிவாங்கி நாற்காலியில் இருக்கும், விருந்தினர் அதனிடம் வருவார். இங்கு ஒலிவாங்கி நடந்து போய் விருந்தினரின் திண்ணையில் அமர்ந்தது. யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பேச்சின் தொனி அமையும் என்பதைப் பத்திரிகைக்காரர் எவரும் அறிவர். அமைச்சரின் வரவேற்பறையில் நாம் கேட்கும் கேள்விக்கும், அவர் நமது காரியாலயத்துக்கு வந்தால் கேட்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் சிறிதன்று.

சிக்காகோவில் 1952 தொடக்கம் 1997 வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே வானொலியில் உரையாடல் நிகழ்ச்சி நடத்திய ஸ்ரட்ஸ் ரேர்க்கல் என்பவரின் நினைவு இவ்விடத்தில் வருகிறது. சாதாரணத் தொழிலாளரைப் பேச வைத்து அவர் தொகுத்து 1974இல் வெளியிட்ட 'வேர்க்கிங்' என்ற நூல் உலகப் புகழ்பெற்றது. அவருக்கு ஒலிப்பதிவுக் கருவியைச் சரியாக இயக்கத் தெரியாது. நாடா சுழலவில்லையே என்று எதிரில் இருப்பவர்தான் சுட்டிக்காட்டுவாராம். அதனால் அவர்களுக்குத் தாமும் தேவைப்படுகிறோம் என்ற எண்ணம் வந்து பேச்சு இளகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் மகாவலித் தயாரிப்பாளர்கள் கிராமத்தில் தங்கிப் பெற்ற நெருக்கத்தை, அம்மனிதர் தமது கைத்திறனின்மையால் பெற்றார் போலும்.

நாடாவில் பதிந்து, பின் கூட்டுத்தாபன அலைவரிசையில் ஒலிபரப்பியதோடு இது நிற்கவில்லை. 1986இல் கிராந்துருக்கோட்டையில் குறைந்த வலுவுள்ள சிறு நிலையம் ஒன்று அமைந்தது. 1989இல் கொத்மலை நிலையம் வந்தது. அந்த ஆண்டு தென்னிலங்கை எப்படி இருந்தது என்பது என் வயதினருக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன, வீதியோரங்களில் சடலங்கள் எரிந்தன, மாலையானதும் ஊர்கள் அடங்கின. அப்படியொரு காலத்தில் ஒரு மலைப்பள்ளத்தாக்கில், ஊர்க்காரர்களே பேசும் ஒரு வானொலி தொடங்கப்பட்டது என்பதை இன்று நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

கொத்மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. இளவரசனாயிருந்த துட்டகைமுனு ஒளிந்து வாழ்ந்ததாகச் சிங்கள மரபு சொல்லும் பள்ளத்தாக்கு அது. கொத்மலை ஓயாவை மறித்து 1979இல் தொடங்கிய அணை 1985இல் திறக்கப்பட்டபோது, பழைய வயல்களும் வீடுகளும் விகாரைகளும் நீருக்கடியில் போயின. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும் காலங்களில் கடதொரை விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும். அவற்றைப் பார்க்கச் சனம் கூடும். ஒரு பகுதியினர் தூர வலயங்களுக்குப் போக, மற்றவர்கள் நீர்த்தேக்கத்தின் மேற்சரிவுகளில் குடியேறினார்கள். நெல் விதைத்துப் பழகிய கைகளுக்குத் தேயிலைத் துண்டு கிடைத்தது. இவர்களுக்குப் பேச நிறைய இருந்தது.

மாவத்துறையில் அமைந்த நிலையத்தின் குரல் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் சுற்றளவில், கம்பளை, நாவலப்பிட்டி நகரங்களையும் இடையிலுள்ள கிராமங்களையும் எட்டியது. அறிவிப்பாளர்களிற் பெரும்பாலோர் அயலூர் இளைஞர்களும் யுவதிகளும், பலர் தொண்டர்கள். வைத்தியர், பாடசாலை அதிபர், நாட்டு வைத்தியம் அறிந்தவர், கிராமத்துப் பாடகர் என்று யார் வந்தாலும், அவரைக் கேட்பவர்களுக்கு அவர் முன்பே தெரிந்தவர். இது பெருநகர வானொலியில் இல்லாத சங்கடம். கொழும்பில் ஒரு நிபுணர் தவறாக ஏதும் சொன்னால் யாருக்கும் தெரியாது. இங்கு சொன்னவரை மறுநாள் சந்தையில் பிடித்துக் கேட்பார்கள்.

1999இல் கொத்மலை திடீரென உலகப் புகழ் பெற்றது. யுனெஸ்கோவின் ஆதரவில் 64 கிலோபிற்று இணைய இணைப்பு நிலையத்துக்கு வந்தது. இன்று ஒரு சிறுவனின் கைத்தொலைபேசிக்குக் கூட இந்த வேகம் அவமானம். அன்று அது மலைநாட்டுக்கு அதிசயம். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி செய்து கொடுக்கப்பட்டது. ஆனால் புதுமை இணைப்பில் இல்லை, அதனைக் கொண்டு அவர்கள் அமைத்த நிகழ்ச்சியில் இருந்தது. நேயர்கள் தமது கேள்விகளைத் தபாலில் எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நேரடி ஒலிபரப்பிலேயே இணையத்தில் அதைத் தேடுவார். ஆங்கிலத்தில் கிடைப்பதை, பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவ்விடயம் அறிந்த ஒருவர் மக்கள் மொழியில் விளக்குவார். நோய் பற்றிய கேள்வியென்றால் உள்ளூர் வைத்தியர் வந்து அமர்வார். ஆக, அது கணினி நிகழ்ச்சி அன்று, உரையாடல் நிகழ்ச்சியே. கணினி மூன்றாவது விருந்தினர், அவ்வளவுதான். அவரும் அடிக்கடி வாயடைத்துப் போவார் என்பது வேறு கதை.

வெளிநாட்டு ஆய்வாளர்கள் கொத்மலைக்கு வந்து எழுதியவை குவிந்தன. அந்தக் கட்டுரைகளில் ஒரு பகுதி எனக்கு எரிச்சலூட்டியதுண்டு. கிராமமும் கணினியும் அருகருகே நிற்கும் படம் அவர்களுக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்தது. அந்தப் படத்தின் ஓரத்தில், மலைச்சரிவில், தேயிலைத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் அதிகம் பேசப்படவில்லை.

நிலையம் சிங்களத்திலும் தமிழிலும் ஒலிபரப்பியது. ஆயினும் பெரும்பகுதி சிங்களமே. மகாவலிக் குடியேற்றவாசிகளுக்கென உருவான வானொலி அவர்களின் மொழியில் பேசியதில் குற்றமில்லை. ஆனால் அலைக்கு எல்லை தெரியாது. கம்பளையையும் நாவலப்பிட்டியையும் சுற்றியுள்ள லயங்களில் அதே அலை விழுந்தது. அங்கிருந்தவர்கள் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நிலையம் தொடங்கிய காலத்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பலருக்குக் குடியுரிமை அப்போதுதான் கிடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நாட்டின் பிரசை என்றே எண்ணப்படாத ஒருவரைச் சமூக வானொலியின் சமூகத்தில் சேர்ப்பதா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே விடை சொல்லப்பட்ட கேள்வி அது.

இதனைச் சற்று உள்ளிருந்தும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போர்நிறுத்தக் காலத்தில், மலைநாட்டின் சிறிய வானொலி முயற்சி ஒன்றில் (கொத்மலை அன்று, பெயர் வேண்டாம்) சில மாதங்கள் வாரத்துக்கு அரை மணி நேரம் தமிழில் ஓர் உரையாடல் நிகழ்ச்சியை நடத்தினேன். தோட்டத்து மருத்துவிச்சி வந்தார். காமன் கூத்து வாத்தியார் தப்புடன் வந்தார். அவர் அடித்த முதல் அடியில் ஒலிமட்ட ஊசி சிவப்பில் போய் நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டிய ஒருவர், கத்தியைத் தீட்டுவது பற்றி மட்டும் இருபது நிமிடங்கள் பேசினார். அதைவிடச் சுவையான அரசியல் செவ்வியை நான் பத்திரிகையில் எழுதியதில்லை.

அவர்களுள் ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர். முதற் பத்து நிமிடமும் என்னை 'ஐயா' என்றே அழைத்தார். 'ஆமாங்கய்யா', 'இல்லிங்கய்யா' என்பதற்கு மேல் பதில் இல்லை. தோட்டத்தில் ஐயா என்பவர் காரியாலயத்திலிருந்து வருபவர். அவரிடம் அளந்துதான் பேச வேண்டும். கேள்விகளை நிறுத்திவிட்டு, என் தாயாருக்கு முழங்கால் வலி, இங்கு குளிர் கூடவா என்று ஏதோ பேசினேன். அவர் வைத்தியம் சொன்னார். வைத்தியம் சொன்னவருக்கு நான் 'தம்பி' ஆகிவிட்டேன். அதன் பிறகு கேள்வி தேவைப்படவில்லை.

பெரட்டுக்குப் பிந்திப் போனால் திருப்பி அனுப்பப்பட்டது, குறித்த எடை பறிக்காவிட்டால் அரைப்பேர் போட்டது எல்லாம் வந்தன. பின் தராசு வந்தது. "தராசுல ஒண்ணு நிக்கும் தம்பி, துண்டுல ஒண்ணு இருக்கும். சாக்குக்கு வெட்டு, தண்ணிக்கு வெட்டு. வெயில் நாள்ல தண்ணி எங்கருந்துங்க வந்திச்சு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எத்தனை ஆண்டுகள், நாளுக்கு எத்தனை கிலோ என்று விரல் மடித்துக் கணக்குப் போட்டார். பள்ளிக்கூடம் போகாதவர். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

ஒலிபரப்புக்கு முன் பொறுப்பாளர் நாடாவைக் கேட்டார். நல்ல மனிதர்தான். தராசு பற்றிய பகுதி வேண்டாம் என்றார். தோட்ட நிர்வாகம் முறையிடும், கொழும்பிலிருந்து கடிதம் வரும், நிகழ்ச்சியே நின்றுவிடும் என்பது அவரது வாதம். நான் எதிர்த்துப் பேசினேன், பலிக்கவில்லை. நான்கு நிமிடங்கள் வெட்டப்பட்டு, அந்த இடத்தில் பழைய பாட்டு ஒன்று சேர்க்கப்பட்டு நிகழ்ச்சி போயிற்று. முழங்கால் வைத்தியத்தைப் பாராட்டிக் கடிதங்கள் வந்தன.

அந்தப் பொறுப்பாளர் மீது இன்று எனக்குக் கோபமில்லை. அவருடைய கதிரை யாருடையது என்பதே கேள்வி. கொத்மலை உட்பட நமது சமூக வானொலிகள் என்று பெயர் பெற்றவை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் உரிமத்தில், அதன் சம்பளப் பட்டியலில் இயங்கியவை. மக்கள் பேசலாம், மக்கள் தயாரிக்கலாம். விசை இன்னொருவர் கையில். 1990களில் தனியார் வானொலிகளுக்கு அனுமதி கிடைத்தபோது பணமுள்ளவர்கள் பண்பலையைப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு கிராமச் சங்கமோ தொழிலாளர் கூட்டுறவோ தனக்கென நிலையம் வைக்கத் தனி உரிமம் என்ற ஏற்பாடு அப்போது செய்யப்படவில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலம் வந்தபோது, அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியிலிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறி, அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. சட்டமூலம் விழுந்தது. அதன் இடத்தில் நல்லதொரு சட்டம் எழவில்லை.

அதே 1997இல் நேபாளத்தில் ரேடியோ சகர்மாதா, தெற்காசியாவின் முதலாவது சுதந்திரச் சமூக வானொலியாக ஒலிக்கத் தொடங்கிற்று. இந்தியாவில் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்துப் பல ஆண்டுகள் இழுபட்டு, 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மாச்னூர் கிராமத்தில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கிற்று. அவர்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1981இலேயே, மக்களிடம் ஒலிவாங்கியைக் கொண்டு சென்றவர்கள் நாம். ஒலிவாங்கியைக் கொண்டு சென்றோம், கொடுத்துவிட்டு வரவில்லை.

என் நிகழ்ச்சி அந்த ஆண்டு இறுதியில் நின்றது. நிதி முடிந்தது என்றார்கள், உண்மையாகவும் இருக்கலாம். வெட்டப்படாத மூல நாடாக்களை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ஈரலிப்பில் சில பழுதாகிவிட்டன. மிஞ்சியவற்றை அண்மையில் ஒரு மாணவரின் உதவியுடன் கணினிக்கு மாற்றினேன். கூத்து வாத்தியாரின் தப்பு அதில் இரைச்சலாக மட்டும் கேட்கிறது. கவ்வாத்துக் கத்தி தெளிவாக இருக்கிறது. அம்மையாரின் நாடா முழுமையாகத் தேறியது, தராசு பற்றிய நான்கு நிமிடமும் சேர்த்து. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பேத்தி இப்போது ஆசிரியை. பிரதி ஒன்று கேட்டிருக்கிறார். இந்த வாரம் அனுப்ப வேண்டும்.